புதன்கிழமைக்காரரும் சனிக்கிழமை டீச்சரும்

பணி நிறைவு விழாவில் எனக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகவே ஓடுகிறது. பேசியவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே விஷயத்தைப் பாராட்டியதுதான் எனக்கு உறுத்தியது. "வசந்தாம்மா காதுல விழுந்தது அவுக வாய் வழியா வெளிய வராது" என்றார் ஒருவர். "ரத்த வங்கியில பதினாலு வருசம். ஒரு நோயாளி பேரு வெளிய போனதில்ல" என்றார் இன்னொருவர். புதிதாக வந்திருக்கும் டெக்னீஷியன் பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். என்னைப் பேசச் சொன்னபோது நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி, என் அனுபவத்தை எழுதிக் கொடுத்தால் தங்களுக்கு உதவும் என்று கேட்டாள். எழுதுகிறேன். அவள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் ஒரு மனிதருடைய வலது கை விழுந்துபோன விஷயம் இது. இதில் வருகிற இரண்டு குடும்பத்தாரிடமும் இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேரை மாற்றிவிடட்டுமா என்றதற்கு, "எங்க பேருல என்ன கோளாறக் கண்டீக?" என்று அவர்களில் ஒருவரான டீச்சர் கோபித்துக்கொண்டார்.

நான் அல்லிநகரத்துக்காரி. மதுரையில் ஒரு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பு. படித்ததில் பாதி, கண்ணாடிக் குழாயை உடைக்காமல் கழுவுவது எப்படி என்பதுதான். பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மலேரியா ஸ்லைடும் சளி ஸ்லைடும் பார்த்தே மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொண்டேன். 1996இல் எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கிக்கு மாற்றல் வந்தது. அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

அங்கே மருத்துவ அலுவலராக இருந்தவர் டாக்டர் ராஜமாணிக்கம். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கேட்கவே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டால் நாங்கள் நடுங்குவோம். ஒரு கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறப்பார், போடுவார், மூடுவார். அடுத்த கையெழுத்துக்கு மறுபடி திறப்பார். ரிஜிஸ்தரை மேசையில் கவிழ்த்துத்தான் வைப்பார். நோயாளியின் பேரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. "பதினேழு வந்தாச்சா?", "முப்பத்திரண்டுக்கு ரிசல்ட் குடுத்தாச்சா?" என்றுதான் பேச்சு. ஆரம்பத்தில் எனக்கு இது கேலியாகத்தான் இருந்தது. என்ன, ஜெயில் நடத்துகிறாரா என்று சக ஊழியரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அடுத்த வருடம் அந்தச் சிரிப்பு நின்றது. எங்கள் ஊழியர் ஒருவர் டீக்கடையில் நின்றுகொண்டு ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவை வாய் தவறிச் சொல்லிவிட்டார். எந்த நோய் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த வருடங்களில் ஊரே பயந்துகொண்டிருந்த நோய்தான். மூன்றாம் நாள் அவளைப் புருஷன் வீட்டில் வெளியே தள்ளிவிட்டார்கள். கையில் ஒரு கட்டைப்பையோடு ரத்த வங்கி வாசலில் வந்து நின்று, "எங்கிட்டக்கூடச் சொல்லாதத ஊருக்கு யாரு சொன்னீக?" என்று கேட்டாள். டாக்டர் வெளியே வந்து அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் தப்பு என்றார். அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். குரல் தரைக்கு இறங்கியிருந்தது. "இங்க எழுதுனது இந்த ரிஜிஸ்தரோட இருக்கணும். சொந்தக்காரனுக்குக் கிடையாது, பக்கத்துப் படுக்கைக்குக் கிடையாது. அவுகளே சொல்லச் சொன்னாத் தவிர." பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அன்றைக்கு நான் வாய்க்குப் போட்ட பூட்டு அப்படியே இருந்துவிட்டது. அவர் சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் என் மனதில் பதிந்தது.

2000ஆம் வருடம் பிலோமினா டீச்சர் வந்தார். கோம்பைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. கணவர் சவரிமுத்து, கொஞ்சம் நிலம் வைத்து விவசாயம் பார்ப்பவர், பேச்சு குறைவு. டீச்சருக்கு ஓயாத தலைவலி. குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது போல் ஊரல். தோல் டாக்டர்கள் இரண்டு வருடமாகக் களிம்பு தடவச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டருக்கு மட்டும் அவர் முகச் சிவப்பு உறுத்தியிருக்கிறது. ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

அப்போதெல்லாம் சாலி குழாய்தான். அமிலத்தில் ஒரு துளி ரத்தத்தை விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் காப்பி நிறத்துக்கு வரும். பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, பக்கத்தில் இருக்கிற கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகிற இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஆறு, ஏழு, அதிகம் போனால் பத்து. ஐந்தாறு சொட்டில் வேலை முடிந்துவிடும். டீச்சருடையதில் நான் சொட்டு விட்டுக்கொண்டே இருந்தேன். நிறம் வெளுக்கவே இல்லை. குழாயின் விளிம்பு நெருங்குகிற இடத்தில் போய் ஒத்தது. இருபது.

டாக்டரிடம் கொண்டுபோனேன். ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் "மறுபடி" என்றார். வேறு விரலில் குத்தி மறுபடி பார்த்தேன். இருபது. "மறுபடி. அமிலத்த மாத்து." மாற்றினேன். மூன்றாவது தடவை கூடவே என் ரத்தத்தையும் ஒரு குழாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். எனக்குப் பதினொன்று, டீச்சருக்கு இருபது. அப்புறம்தான் பேனாவைத் திறந்தார். மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் நோய்க்குப் பெயர் வைத்து அனுப்பினார்கள். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை நிறுத்தத் தெரியாமல் ரத்தத்தைச் செய்துகொண்டே இருக்கிற நோய். லட்சத்தில் யாரோ ஒருவருக்கு வருவது. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை, ஆனால் மெதுவாக நடக்கிற வகை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் இருக்கலாம். பார்த்துக்கொள்வது என்றால், சின்ன மாத்திரை ஒன்று, அதோடு ரத்தம் கெட்டிப்படாதபடி குறிப்பிட்ட நாளைக்கு ஒருமுறை ஒரு பை ரத்தத்தை உடம்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். தவறினால் ரத்தம் எங்காவது உறைந்து அடைத்துக்கொள்ளும், மூளையிலோ நெஞ்சிலோ. ரத்தம் எடுக்கிற வேலை எங்களிடம் வந்தது.

தானம் கொடுக்கிறவர்களுக்குச் செய்கிற மாதிரியேதான். கட்டிலில் படுக்க வைத்து, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லி, முந்நூற்று ஐம்பது மில்லி. ஆனால் கெட்டி ரத்தம் ஊசியில் நின்று நின்றுதான் வரும். முன்கூட்டியே இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்க வைப்பேன். பை நிறைந்ததும் சிவப்பு மையில் "பயன்படுத்தக் கூடாது" என்று எழுதித் தனியாக வைப்போம், பிறகு நீராவியில் அவித்துக் குழியில் புதைப்போம். வெளியே வராந்தாவில் பிரசவத்துக்கு ரத்தம் கேட்டுச் சொந்தக்காரர்கள் அலைந்துகொண்டிருப்பார்கள். உள்ளே நான் ஒரு பையைக் குழிக்கு அனுப்பிக்கொண்டிருப்பேன். அது எனக்குப் பழகவே இல்லை.

டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மேடம், கேன்சர்ங்கற பேரு எங்க ஊருக்குத் தெரியக்கூடாது. பிள்ளைக எம்பக்கத்துல ஒக்கார மாட்டாக." சரி என்றேன். பள்ளிக்கூடம் இல்லாத இரண்டாம் சனிக்கிழமை அவருடைய நாளானது. அவருக்கென்று இரண்டு அட்டை போட்டு, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றதை என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொண்டேன்.

2002இல் காஜா மைதீன் பாய் வந்தபோது எனக்குச் சாலி குழாயே தேவைப்படவில்லை. அதே சிவந்த முகம், அதே சிவந்த உள்ளங்கை. உத்தமபாளையத்துக்காரர், திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். கவாத்துக் கத்தரி பிடித்துக் காய்த்துப்போன கை. கூடவே அவர் மனைவி ஹாஜிரா. "கை கால் மூஞ்சி கழுவி ஒளுச் செஞ்சா ஊரலெடுக்குதுக்கா. அஞ்சு நேரமும் தொழுகைக்கு முன்னால இவுக படுற பாடு இருக்கே" என்று அவள்தான் சொன்னாள். அவரோ, "ஊருல எல்லாரும் நல்லா ரத்தம் ஊறிப்போய் இருக்கேங்கறாக, இவதான் என்னய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு வந்துட்டா" என்று சிரித்தார். மதுரையிலிருந்து டீச்சருக்கு வந்த அதே பெயர்தான் இவருக்கும் வந்தது.

அவர்களும் வெளியே தெரியக்கூடாது என்றார்கள். இரண்டு பெண் பிள்ளைகள், கல்யாணம் பேச வேண்டிய வயது. மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஊருக்கு என்ன சொல்வது என்று ஹாஜிரா கேட்டாள். அதற்கு நான்தான் யோசனை சொன்னேன். "ரத்த தானம் குடுக்கப் போறார்னு சொல்லிருங்க." அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நானும் என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டேன். புதன்கிழமை பாய்க்கு, இரண்டாம் சனிக்கிழமை டீச்சருக்கு. ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நான் நாள் பிரித்த அழகை நினைத்து எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒரே ஒரு தடவை அந்த ஏற்பாடு பிசகியது. காலாண்டு விடுமுறையில் டீச்சர் சனிக்கிழமை வரை காத்திராமல் ஒரு புதன்கிழமை வந்து நின்றார். பாய் ஏற்கனவே கட்டிலில் படுத்திருந்தார். நான் பதறிப்போய் டீச்சரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், பக்கத்தில் காலிப் பைகள் அடுக்கி வைத்திருக்கிற தடுப்பில் உட்கார வைத்தேன். நடுவில் ஒரு பச்சைத் திரை மட்டும்தான். "இங்கன கொஞ்ச நேரம் சத்தம் காட்டாம இருங்க டீச்சர்." முக்கால் மணி நேரம் இருந்தார். பாயையும் ஹாஜிராவையும் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டுத் திரையை விலக்கினேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. நானும் என்னவென்று கேட்கவில்லை.

அதற்கடுத்த வருடம் டாக்டர் ராஜமாணிக்கம் ஓய்வு பெற்றுப் போனார். அவர் போட்ட சட்டத்தை அவரைவிட உறுதியாக நான் பிடித்துக்கொண்டேன்.

2004இல் பாய் இரண்டு மாதம் வரவில்லை. ஒரு புதன்கிழமை ஹாஜிரா மட்டும் வந்தாள். பர்தாவெல்லாம் மழையில் நனைந்திருந்தது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"இவுக வர மாட்டேங்குறாகக்கா. பெரியவுக, இவுக அண்ணன், வீட்டுக்கே வந்து சத்தம் போட்டுட்டாக. மாசா மாசம் ரத்தம் குடுத்தா மனுசன் என்னத்துக்கு ஆவான், மூணு மாசத்துக்கு ஒருக்கத்தான் குடுக்கணும்னு போர்டே போட்டிருக்கு, ஒனக்கு மட்டும் தனிச் சட்டமான்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல? நோயின்னு சொன்னா சின்னவளுக்குப் பேசி வச்சிருக்குற எடம் போயிரும்."

 அந்தப் பொய் நான் எடுத்துக் கொடுத்தது. "பாய் என்ன சொல்றாரு?" என்றேன்.

"அவுகளும் அண்ணன் பேச்சத்தான் பேசுறாக. மாத்திரையவும் தூக்கிப் போட்டுட்டாக. எனக்கென்ன கொற, மூஞ்சியப் பாரு, நல்லாத்தான் இருக்கேன். இந்தப் பக்கம் எவனுக்கும் இல்லாத நோயி எனக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சுங்கறாக. ரெண்டு வருசமா ஊரு பூரா, ரத்தம் குடுக்குறவரு ரத்தம் குடுக்குறவருன்னு சொல்லிச் சொல்லி, அவுகளுக்கே அது தானம்தான்னு ஆகிப்போச்சு. தானம்னா நிறுத்திக்கிறலாம்ல?"

அழவில்லை. மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதே நோயி இருக்குற ஒரு ஆளக் காட்டுங்க. ஒரே ஒரு ஆளு. பேசக்கூட வேணாம். கண்ணால பாத்தாப் போதும், இவுக நம்பிருவாக. நம்ம பக்கம் யாராச்சும் இருக்காகளா?"

மூன்று நாளில் இரண்டாம் சனிக்கிழமை. டீச்சரின் அட்டை ஹாஜிராவின் கைக்கு ஒரு சாண் கீழே இழுப்பறையில் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

"இல்ல ஹாஜிரா" என்றேன். "நம்ம பக்கம் வேற யாருக்கும் இல்ல."

சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தால்கூட எங்கோ ஒருவர் இருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்திருக்கும். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. இல்லை என்று சொன்னால் பேச்சு அத்தோடு முடியும் என்று நினைத்தேன், முடிந்தது. "அப்ப நாங்க மட்டுந்தானா" என்றாள். என்னிடம் கேட்கிற மாதிரி இல்லை. நான் எப்படியாவது அவரைக் கூட்டி வரச் சொல்லி, நாலு புத்திமதி சொல்லி அனுப்பினேன். அந்தச் சனிக்கிழமை டீச்சர் வந்தார், பந்தை அமுக்கினார், போனார். அவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் காஜா மைதீன் பாய் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த கத்தரி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. மகளுக்குத் தெரியக்கூடாது, சம்பந்தக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு வருடம் மூடி வைத்தது ஒரே நாளில் ஊருக்கே தெரிந்தது. பேசி வைத்த இடம் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் தகப்பனார் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்துவிட்டு, "இத ஏன்மா மறச்சீக?" என்று மட்டும்தான் கேட்டாராம்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடம் சொல்வது? அல்லிநகரத்தில்தான் டாக்டர் ராஜமாணிக்கம் வீடு. போனேன். வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பேரைச் சொல்லாமல் நம்பர் சொல்லியே முழுவதையும் சொல்லி முடித்தேன். நீங்கள் சொன்ன மாதிரிதான் சார் நடந்துகொண்டேன் என்று முடித்தேன். சரி என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன், ஒளிப்பானேன்.

அவர் பேனா மூடியைத் திறந்தார், எழுதாமலே மூடினார். குரல் இறங்கியது. "வசந்தா, வெளிய சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். அவுககிட்டயே கேக்கக் கூடாதுன்னு எப்பச் சொன்னேன்?"

அவ்வளவுதான். உள்ளே போய் எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை டீச்சரிடம் கேட்டேன். கேட்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? அரை நிமிடம் இருக்கும். உங்களை மாதிரி ஒருவர் இருக்கிறார், உங்களைப் பற்றி அவர்கள் வீட்டில் சொல்லலாமா?

டீச்சர் அமுக்கிக்கொண்டிருந்த பந்தை நிறுத்தினார். "திரைக்கு அங்கிட்டுப் படுத்திருந்தவுகளா?"

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கே கேட்டேன் மேடம். தண்ணி பட்டா எறும்பு ஊருற மாதிரி இருக்குன்னு ஒரு ஆம்பள சொல்லிக்கிட்டிருந்தாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எழுந்திரிச்சுத் திரைய வெலக்கிருவமான்னு பாத்தேன். அப்பறம் ஒங்ககிட்டக் கேக்கலாம்னு நெனச்சேன்."

"ஏன் டீச்சர் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்ல மாட்டீகன்னு தெரியும்ல."

என்னுடைய நல்ல பேர் அப்படி வேலை செய்திருக்கிறது. வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்த சவரிமுத்துவைக் கூப்பிட்டு டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பேசாத மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போவோம். இன்னைக்கே போவோம்" என்றார். "நாலு வருசமா எனக்குந்தான் இதப் பேச ஒரு ஆளில்ல" என்றும் சொன்னார். நோயாளிக்குத்தான் துணை வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே காத்திருக்கிறவரை நான் கணக்கிலேயே எடுத்ததில்லை.

உத்தமபாளையத்துக்கு ஆள் அனுப்பி ஹாஜிராவிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டேன். இரண்டு பேருமாக வரச் சொன்னாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவைத் திறந்த ஹாஜிரா டீச்சரின் முகத்தைப் பார்த்தாள், உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அல்லாவே, இவுகள மாதிரியே சிவந்துபோயிருக்கே" என்று அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். மதுரையிலிருந்து திரும்பிக் கட்டிலில் கிடந்த பாயும் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கித் தன் முகத்தைத் தொட்டு, பிறகு டீச்சரைக் காட்டினார். நம்பிவிட்டார். ஹாஜிரா சொன்னது சரிதான், பேசக்கூட வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் அன்றைக்கே வாத்தியார் வேலையை ஆரம்பித்துவிட்டார். வெந்நீரும் வேண்டாம் பச்சைத்தண்ணீரும் வேண்டாம், வெதுவெதுப்பாக. துண்டால் தேய்க்காதே, ஒற்றி எடு. ஒளு எப்படிச் செய்வார்கள் என்று ஹாஜிராவைச் செய்து காட்டச் சொல்லி, எந்த இடத்தில் ஒற்றலாம் என்று ஒரு பருத்தித் துணியோடு இரண்டு பேரும் ஆராய்ச்சி செய்தார்கள். ஒரு வேதக்காரப் பெண் ஒரு முஸ்லிம் வீட்டில் ஒளுவுக்குத் துணி மடித்துக் கொடுத்ததைப் பார்த்து, வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அத்தனையும் டீச்சர் நாலு வருடத்தில் தானாகக் கண்டுபிடித்தவை. அதில் இரண்டு வருடம் பாய் தன் தோலைப் பிறாண்டிக்கொண்டிருந்தார்.

பேச்சோடு பேச்சாக டீச்சர் தன் அட்டையை எடுத்துக் காட்டினார். ஹாஜிரா பாயின் அட்டையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் என் கையெழுத்து. டீச்சருடைய அட்டையின் முதல் தேதி 2000. ஹாஜிராவின் விரல் ஒவ்வொரு தேதியாகக் கீழே இறங்கியது. அவள் மழையில் நனைந்து வந்த அந்தப் புதன்கிழமைக்கு மூன்று நாள் கழித்து ஒரு தேதி இருந்தது. விரல் அங்கே நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையை மடித்து டீச்சரிடம் கொடுத்துவிட்டு, "டீ போடுறேன்" என்று எழுந்து போனாள். எனக்கும் டீ கொடுத்தாள். சர்க்கரை அளவாகத்தான் போட்டிருந்தாள்.

அதன்பிறகு இரண்டு குடும்பமும் ஒரே நாளில் வர ஆரம்பித்தன. இரண்டாம் சனிக்கிழமை இரண்டு கட்டில். சவரிமுத்து பாயைக் கைத்தாங்கலாக அழைத்து வருவார். பாய் இடது கையால் எழுத டீச்சரிடம் கற்றுக்கொண்டார். பேச்சு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. கவாத்துக் காலத்தில் சவரிமுத்து தோட்டத்துக்குப் போய் நின்று வெட்ட, பாய் கீழே நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் கொப்பைக் காட்டுவார் என்று ஹாஜிரா சொல்வாள். அவள் என்னிடம் பழையபடியே பழகினாள். அந்தத் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று எனக்கு இருக்கும். நானாகச் சொல்லவும் வாய் வரவில்லை. வாய் திறக்காதவள் என்ற பேர் எடுத்தவள் அல்லவா.

இந்த வருடம், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு சின்ன வயசுத் தம்பதி வந்தார்கள். பையனுக்கு முப்பது இருக்கும், சிவந்த முகம். மதுரையில் பெயர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இது வேற யாருக்காச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். "அவுககிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன். ஒங்களப் பத்தி அவுககிட்டச் சொல்லலாமா?"

சொல்லலாம் என்றதும் போன் போட்டேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். ஹாஜிரா எடுத்தாள். பாயைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். அந்தப் பெண்ணை வராந்தாவில் உட்கார வைத்து, குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். "ஊருக்கு என்னத்தையும் சொல்லிக்க. வீட்டுல பொய் சொல்லாத, ஆத்தா" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

அவர்கள் போனபிறகு ஹாஜிராவைப் பஸ் ஏற்றிவிட நானும் போனேன். கம்பம் பஸ் வர நேரமானது. இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?" என்றாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். "அன்னைக்கு நான் கேட்டப்ப, டீச்சர்கிட்ட நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா, அவுக வந்திருப்பாகளா?"

"வந்திருப்பாக."

"எங்க வீட்டுக்கே?"

"அன்னைக்கே வந்திருப்பாக, ஹாஜிரா."

தலையாட்டினாள். "அவுக வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் பஸ்ல இருபது நிமிசம்" என்றாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. கையை வெளியே நீட்டி, "வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போங்கக்கா" என்றாள்.

அதற்கு அடுத்த மாதம்தான் எனக்கு மாலை போட்டார்கள்.